ஆமீன் சொல்லாத நாள்

எனக்கு வாய் நீளம் என்று எல்லாரும் சொல்வார்கள். நீளம்தான், இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. என்னைக் கட்டிய மாப்பிள்ளை உயிரும் ஹயாத்துமாக இருந்தவரை, "பக்ருன்னிசா பேசுனா கீழவாசல் வரைக்கும் கேக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் மவுத்தான பிறகு, பிள்ளை குட்டி இல்லாத நான் விதவைகள் விடுதிக்கு வந்து சேர்ந்தேன். வரும்போது அந்த வாயையும் கூடவே கொண்டு வந்துவிட்டேன். கொண்டு வருவதற்கு வேறு என்ன சொத்து இருந்தது?

விடுதி காளவாசலில் இருந்தது. ரெண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு ஓரிரண்டு வருஷம் முந்திய காலம் அது. அப்போது அந்தப் பக்கம் சுண்ணாம்புச் சூளைகளும் வேலிக்காடும்தான். டவுனிலிருந்து யாராவது எங்களைப் பார்க்க வர வேண்டுமானால் ஜட்கா வண்டி பிடித்துத்தான் வர வேண்டும். தோல் வியாபாரத்தில் பெரிய ஆளாக இருந்த பீர் முகமது ராவுத்தர், அங்கே இருந்த தம் தோட்டத்து வீட்டை எங்களைப் போல நாதியற்ற பெண்களுக்கு என்று விட்டுவிட்டுப் போனார். கண்ணை மூடுவதற்கு முன்னால் மகன் நைனா முகமதுவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். "என் வருஷ ஃபாத்திஹாவ அந்த வீட்லயே ஓதுங்க. அந்தப் பொம்பளைக வாயால ஆமீன் வரட்டும். எனக்கு அது போதும்."

அவர் போன நாளில் வருஷா வருஷம் அவருக்காக ஓதுகிற வழக்கம் அப்படித்தான் வந்தது. கூடத்தின் நடுவில் ஒரு திரை கட்டுவார்கள். அந்தப் பக்கம் ஓதுகிற லெப்பையும் ஆம்பிளைகளும் உட்காருவார்கள், இந்தப் பக்கம் நாங்கள். லெப்பை துஆ கேட்டு நிறுத்துகிற இடத்தில் எல்லாம் நாங்கள் ஒரே குரலில் ஆமீன் சொல்வோம். ராவுத்தரைப் பார்த்து மற்ற பணக்காரர்களும் தங்கள் வீட்டுக் கத்தம் ஃபாத்திஹாவை எங்கள் விடுதியிலேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். நாதியற்றவள் கேட்கும் துஆ நேராக மேலே போகும் என்று ஒரு நம்பிக்கை. அதில் எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் எங்கள் வயிற்றுக்கு என்ன போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

விடுதிக்கு மேனேஜர் முகைதீன் பிச்சை. வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, இடுப்பில் சாவிக்கொத்து. மரியாதையாகவே சொல்கிறேன், அவர் ஒரு கெட்டிக்காரர். ஃபாத்திஹா நடக்கும் நாளில் காலையிலேயே ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து, தலையோடு போர்த்திக்கொள்ள ஆளுக்கொரு வெள்ளைத் துப்பட்டி கொடுப்பார். சலவைக்குப் போய் வந்த துப்பட்டி, மடிப்புக் கலையாது. புதுப் பாய் விரிப்பார். நெய்ச்சோறு, தால்ச்சா, கத்தரிக்காய்ப் பச்சடி என்று வாசனை தெருவரைக்கும் போகும். வந்தவர்கள் கண்ணும் மனசும் குளிர்ந்து ஜட்கா ஏறியதும், துப்பட்டிகள் எல்லாம் திரும்பவும் பெட்டிக்குள் போய்விடும். மறுநாள் எங்கள் கிழிசல் சேலையும் வண்டு மிதக்கும் கேப்பைக் கூழும்தான். ஆமீனுக்கு ஒத்திகை வேறு நடத்துவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைக்கிற மாதிரி எங்களை உட்கார வைத்து, "இன்னும் சத்தமா. செவுரு அதிரணும். இதுக்குத்தான் அவுக இம்புட்டுத் தூரம் வாராக" என்பார்.

நான் குறை சொல்லாமல் இருந்தவள் இல்லை. ஒரு தடவை விடுதிக் கமிட்டிக்காரர்கள் வந்திருந்தபோது திரைக்கு இந்தப் பக்கமிருந்து கூழைப் பற்றிச் சொன்னேன். அன்றைக்கு அவர்கள் தட்டில் இருந்தது நெய்ச்சோறு. "இம்புட்டு நல்ல சோத்தத் தின்னுட்டு எப்படிம்மா குறை சொல்ல வாய் வருது?" என்று ஒருவர் கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் கண்டது அதுதானே. எங்களைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் நாங்கள் நன்றாக இருக்கிற நாளில் மட்டும்தான் வந்தார்கள்.

எங்களில் அஜ்மல் பீவி என்று ஒருத்தி இருந்தாள். பேரையூர்க்காரி. என் பக்கத்துப் பாய் அவளுடையது. என் வாய்க்கு நேர் எதிர் அவள். யார் மேலும் குறை சொல்ல மாட்டாள். கூழில் கிடக்கும் வண்டைக்கூட, "அதுவும் பசிக்குத்தான வந்துச்சு" என்று ஓரமாக எடுத்து வைப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் ஏதோ ஒரு பிரியம். அவள் பக்கத்தில் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

கிணற்றடியில் ஒரு கல் ஆடிக்கொண்டே இருந்தது. அதைச் சரிபண்ணச் சொல்லி நாங்கள் மேனேஜரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டோம். பெருநாள் கழிந்த கையோடு அஜ்மல் பீவி அந்தக் கல்லில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்று அவள் போட்ட சத்தத்திலேயே தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று கெஞ்சினோம். கொண்டுபோனால் எங்கே விழுந்தாள், எப்படி விழுந்தாள் என்று கேட்பார்கள், ஆடுகிற கல் வெளியே தெரிந்துவிடும். "தைலம் தேச்சாச் சரியாயிரும்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இதுவரை அவர் என்றேன். இனிமேல் எனக்கு அந்த மரியாதை வராது.

முதலில் நாங்களேதான் பார்த்துக்கொண்டோம். கட்டிலில் போட்டு, புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டி, முறை வைத்துக்கொண்டு செய்தோம். பிறகு யார் வீட்டு ஃபாத்திஹாவோ வந்தது. ஓதும்போது அவள் முனகல் கேட்டால் கேவலம் என்று, அவளைக் கட்டிலோடு தூக்கிக் கொல்லைப்புறத்து விறகு அறையில் போட்டான். ஃபாத்திஹா முடிந்ததும் கொண்டுவந்துவிடுவேன் என்றான். கொண்டுவரவில்லை. அறைக்குப் பூட்டு போட்டான். கிட்டே போகிறவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டியதுதான் என்றும் சொன்னான். நான் போனேன். கதவிடுக்கில் வாயை வைத்து, "அஜ்மலு, எப்படி இருக்க?" என்றேன். "நல்லாத்தான் இருக்கேன், நீ சண்டை போடாத" என்றாள். அந்த அறைக்குச் சூளைப் புகை நேராக வரும். அவள் இருமுவது கேட்டது. அன்றைக்கு நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அடுத்த ஃபாத்திஹாவில் திரைக்குப் பின்னாலிருந்து கத்தினேன், "ராவுத்தரே, அஜ்மல் பீவியக் கொல்லையில போட்டுப் பூட்டிருக்கான்!" என்று. நைனா முகமது ராவுத்தர் அங்கே இருந்தார். மேனேஜர் பதறவே இல்லை. "முதலாளி, அது புத்தி பேதலிச்ச பொம்பள. அஜ்மல் பீவியத்தான் பேரையூர்ல சொந்தக்காரக வந்து கூட்டிட்டுப் போயிட்டாகளே" என்றான். பூட்டு போட்ட அன்றைக்கே இதை அவர் காதில் போட்டு வைத்திருக்கிறான். லெப்பை ஓத ஆரம்பித்துவிட்டார். ஓதுகிற இடத்தில் ஒரு பொம்பளை குரலை உயர்த்தியதுதான் எல்லாருக்கும் பெரிய தப்பாகத் தெரிந்தது. என் நீள வாய்க்கு அன்றைக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். உடனே ரோட்டில் விட்டால் ராவுத்தருக்குச் சந்தேகம் வரும் என்றுதான் அவன் என்னை விட்டுவைத்தான்.

விறகு அறைக்குள் போகிறவள் தங்கப்பொண்ணு ஒருத்திதான். அவளும் பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரி. மழை பொய்த்துக் கூலி வேலை இல்லாமல் போனதும் டவுனுக்கு வந்து எங்கள் விடுதியில் பெருக்கி மெழுகிக்கொண்டிருந்தாள். பீர் முகமது ராவுத்தரின் வருஷ ஃபாத்திஹா நெருங்கிக்கொண்டிருந்த சமயம், அவள் துடைப்பத்தோடு என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"பாயம்மா, அந்தம்மாவுக்கு முதுகுல புண்ணு வச்சிருச்சு. நான் தொடச்சுத்தான் விடுறேன். என் கைக்கு ஆறுற புண்ணு இல்ல அது."

"சோறு திங்கிறாளா?"

"ரெண்டு வாய். இன்னொண்ணு கேளுங்க. ஃபாத்தியா முடிஞ்ச மறுநாளு மாட்டு வண்டியில ஏத்திப் பேரையூருக்கு அனுப்பப் போறாகளாம். வண்டிக்காரன்ட்டப் பேசுறதக் கேட்டேன். அந்த ரோட்டுல நல்ல ஒடம்பே நொறுங்கிரும் பாயம்மா. போய்ச் சேர மாட்டாக."

பேரையூரில் அஜ்மல் பீவிக்கு இருந்தது கூடப் பிறந்தவளின் மகன் ஒருத்தன். அவன் துரத்தியதால்தான் அவள் எங்களிடம் வந்தாள். சொன்ன பொய்யை மெய்யாக்கப் பார்க்கிறான் மேனேஜர் என்று எனக்குப் புரிந்தது. வண்டியிலேயே அவள் உயிர் போனால் விடுதிக்கு ஒரு கேள்வியும் வராது.

கத்திப் பிரயோஜனமில்லை என்று பார்த்தாகிவிட்டது. அன்று சாயங்காலம் வழக்கம்போல ஒத்திகை நடந்தது. "பெரியவரு ஃபாத்திஹா. முதலாளிக்கு இதுதான் வருஷத்துல பெரிய நாளு. ஆமீன் கொறஞ்சிச்சு, தொலைச்சுப்புடுவேன்" என்றான். நான் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமீன் சொன்னேன். அவனுக்கே ஆச்சரியம். ஆமீன் இல்லாவிட்டால் இவர்களுக்கு இந்த விடுதியே எதற்கு என்று அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இத்தனை நாள் இவனே எனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறான், நான்தான் கவனிக்கவில்லை.

மறுநாள் கிணற்றடியில் துவைக்கும்போது மற்றவர்களிடம் சொன்னேன். "ஃபாத்திஹா அன்னைக்கு யாரும் ஆமீன் சொல்லக் கூடாது. அஜ்மல் பீவிய வெளிய கொண்டுவந்தாத்தான் வாயத் தொறக்கணும்."

மைதீன் பீவி துவைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அவள் அஞ்சு வேளைத் தொழுகையும் தவறாதவள், பயந்த சுபாவம். "அடியே, துஆவுக்கு ஆமீன் சொல்லாம இருந்தாப் பாவம்டி. மவுத்தான மனுசரு உனக்கு என்ன செஞ்சாரு? அவரு போட்ட கூரைக்கிக் கீழதான உக்காந்திருக்கோம்?"

அவள் கேட்டது நியாயம். அந்தப் பெரியவர் மேல் எனக்கும் கோபமில்லை. நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். "சொல்லாம எப்படி இருப்போம்? மனசுக்குள்ள சொல்லுவோம். அல்லாவுக்குக் காது நல்லாக் கேக்கும். நைனா முகமதுக்கு மட்டும் கேக்கக் கூடாது, அம்புட்டுத்தான்."

"ரோட்டுல விட்டுட்டான்னா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒருத்தி பேசுனா ரோட்டுல விடுவான். நம்ம எல்லாரையும் விட்டுட்டு ஆமீனுக்கு யாரக் கூப்புடுவான்? சூளையில வேல செய்யிறவனையா?"

சிலர் சிரித்துவிட்டார்கள். சிரித்தால் பாதி சம்மதம் என்று எனக்குத் தெரியும். மைதீன் பீவி மட்டும் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள், கடைசியில், "நீ என் கையப் பிடிச்சுக்க. இல்லாட்டி வாய்ல வந்துரும்" என்றாள்.

ஃபாத்திஹா நாள் வந்தது. துப்பட்டி வந்தது, பாய் வந்தது, நெய் மணத்தது. நைனா முகமது ராவுத்தர் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாரோடும் வந்திறங்கினார். திரைக்கு அந்தப் பக்கம் ஊதுபத்தி புகைந்தது. யாசீன் ஓதி முடித்து லெப்பை கையேந்தினார். நாங்களும் கையேந்தினோம். நான் ஒரு கையை மட்டும் ஏந்தினேன். இன்னொரு கையில் மைதீன் பீவியின் கை இருந்தது.

லெப்பை பெரியவர் பேரைச் சொல்லி, அவர் கபுர்க் குழியை வெளிச்சமாக்கு நாயனே என்று கேட்டு நிறுத்தினார்.

ஆம்பிளைகள் நாலைந்து பேர் மெல்லச் சொன்ன ஆமீன் மட்டும் கேட்டது. எங்கள் பக்கம் ஒரு மூச்சுக்கூட இல்லை. வெளியே ஜட்காக் குதிரை கழுத்துச் சலங்கையை ஆட்டுவது கேட்டது. நான் மனசுக்குள் ஆமீன் சொன்னேன், மெய்யாகவே சொன்னேன்.

லெப்பை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அதையே கொஞ்சம் சத்தமாகக் கேட்டு மறுபடியும் நிறுத்தினார். மைதீன் பீவியின் உதடு துடித்தது. கையை நெரித்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பொம்பளைக கண்ணு அசந்துட்டாக போல" என்று மேனேஜர் சிரித்தான். சிரிப்பு சரியாக வரவில்லை. திரை ஓரத்துக்கு வந்து, "சொல்லுங்கடி" என்று பல்லைக் கடித்தான். நாங்கள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இத்தனை பெண்கள் ஒன்றாகத் தன்னைப் பார்த்து அவன் கண்டதே இல்லை.

பிறகு நைனா முகமது ராவுத்தரின் குரல் கேட்டது. கோபமாக வரும் என்று நினைத்திருந்தேன். உடைந்து வந்தது. "ஏம்மா, எங்க அத்தாவுக்கு ஆமீன் சொல்ல மாட்டீகளா? அவரு உங்களுக்கு என்ன கொறை வச்சாரு?"

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கே மனசு இளகிவிட்டது. இருந்தாலும் விடவில்லை. இந்தத் தடவை கத்தவும் இல்லை, அவ்வளவு அமைதியில் கத்த வேண்டிய தேவை இருக்கவில்லை.

"உங்க அத்தா ஒரு கொறையும் வைக்கல, ராவுத்தரே. அவருக்காக மனசுக்குள்ள கேட்டுட்டோம். ஆனா அஜ்மல் பீவி இந்தக் கூடத்துக்கு வராம எங்க வாயிலேர்ந்து சத்தம் வராது."

"அவுக பேரையூர்ல..."

"பேரையூரு உங்க விடுதிக் கொல்லையிலதான் இருக்கு. எந்திரிச்சுப் போயிப் பாருங்க."

"முதலாளி, இது அந்தப் புத்தி பேதலிச்ச..." என்று மேனேஜர் ஆரம்பித்தான்.

"இம்புட்டுப் பேருக்கும் ஒரே நாள்ல புத்தி பேதலிச்சிருச்சா?" என்றார் ராவுத்தர். அவர் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. கொல்லைக் கதவருகே தங்கப்பொண்ணு ஏற்கெனவே நின்றிருந்தாள். "இங்கிட்டு வாங்க சாமி" என்று அவள் சொன்னதும், "சாவி" என்று அவர் கையை நீட்டியதும், சாவிக்கொத்து குலுங்கியதும் எங்களுக்குக் கேட்டது. பூட்டுத் திறந்தது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அவள் உயிரோடு இருக்க வேண்டுமே என்ற நினைப்பைத் தவிர மனசில் வேறு எதுவும் இல்லை.

"இவுக கேக்குற பக்ருன்னிசாம்மா யாரு?" என்று கொல்லையிலிருந்து ராவுத்தர் கூப்பிட்டார். "ரெண்டு மூணு பேரு வாங்கம்மா. நான் வெளிய நிக்கிறேன். கட்டிலோட தூக்கணும்."

போனோம். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தோளில் கிடந்த சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே நான் பார்த்ததை எல்லாம் சொல்லப் போவதில்லை. அஜ்மல் பீவி ஒரு பிடியாகக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும், "சண்டை போட்டியா?" என்று கேட்டாள்.

"போடல. சும்மாதான் உக்காந்திருந்தோம்" என்றேன்.

கட்டிலைத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்து எங்கள் நடுவில் இறக்கினோம். திரைக்கு அந்தப் பக்கம் ராவுத்தர் ஜட்காவை ஆஸ்பத்திரிக்குத் தயார் பண்ணச் சொன்னார். சாவிக்கொத்தை மேனேஜரிடம் திருப்பித் தராமல் திரைக்கு அடியில் எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். அதை முதலில் எடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? மைதீன் பீவி! விறுவிறு என்று போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, மிச்சமிருந்த சலவைத் துப்பட்டிகளை அள்ளிக்கொண்டு வந்தாள். ஒன்றைக் கிழித்து அஜ்மல் பீவியின் முதுகுக்கு மெத்தையாக மடித்து வைத்தோம், இன்னொன்றைப் போர்த்திவிட்டோம்.

"என்னடி, ஃபாத்திஹாவா இன்னைக்கு?" என்று அவள் கேட்டாள்.

"பெரியவரு ஃபாத்திஹா. நீ வராம ஆமீன் சொல்ல மாட்டோம்னுட்டோம்."

அவளுக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "உங்களுக்கெல்லாம் அறிவிருக்கா? போய்ச் சேர்ந்த மனுசர எனக்காகக் காக்க வைப்பீகளா? மொதல்ல ஓதச் சொல்லுங்கடி."

அவள் குரல் மெலிந்துதான் இருந்தது. ஆனால் அந்த அமைதியில் திரைக்கு அந்தப் பக்கம் எல்லாருக்கும் கேட்டிருக்கும். யாரோ விசும்பினார்கள். அது ராவுத்தராகத்தான் இருக்க வேண்டும். லெப்பை மறுபடியும் கையேந்தி, பெரியவர் பேரைச் சொல்லிக் கேட்டு நிறுத்தினார். நாங்கள் எல்லாரும் கட்டிலைப் பார்த்தோம். அஜ்மல் பீவி உதட்டை நனைத்துக்கொண்டு, "ஆமீன்" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் சொன்ன ஆமீனுக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. நான் அழுதுகொண்டே சொன்னேன், மைதீன் பீவியும் அழுதுகொண்டே சொன்னாள்.

நெய்ச்சோறு இறக்குவதற்குள் மேனேஜர் முகைதீன் பிச்சை போய்விட்டான். எங்கே போனான் என்று யாரும் விசாரிக்கவில்லை. கிணற்றடிக் கல்லை அந்த வாரமே பெயர்த்துப் புதுக் கல் போட்டார்கள். ராவுத்தர் சொல்லாமல் கொள்ளாமல் எந்த நாளிலும் வர ஆரம்பித்தார், வந்தால் அடுப்படிக்குத்தான் முதலில் போவார். கூழைக் கையில் வாங்கிக் குடித்துப் பார்ப்பார். ஒரு தடவை உப்பு இல்லை என்று அவரே குறை சொன்னார். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அஜ்மல் பீவி ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தாள். புண் ஆறியது. இடுப்பு முழுசாகச் சரியாகவில்லை, கம்பு ஊன்றித்தான் நடந்தாள். நடந்து திரும்பவும் என் பக்கத்துப் பாய்க்கே வந்து சேர்ந்தாள்.

அடுத்த வருஷம் பெரியவர் ஃபாத்திஹா வந்தது. திரை கட்டினார்கள். லெப்பை கையேந்தப் போனார். "கொஞ்சம் இருங்க ஹஜரத்து" என்றார் ராவுத்தர். பிறகு திரையைப் பார்த்து, "அஜ்மல் பீவியம்மா வந்துட்டாகளா?" என்று கேட்டார்.

அவள் என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாயில் வெற்றிலை. பதில் சொல்லடி என்று நான் அவள் தொடையில் இடித்தேன். அவள் அவசரப்படவே இல்லை. ராவுத்தரும் லெப்பையும் டவுனிலிருந்து வந்த அத்தனை பெரிய மனுஷர்களும் திரைக்கு அந்தப் பக்கம் காத்திருந்தார்கள். அவள் வெற்றிலையை நிதானமாக மென்று முடித்து, எச்சிலைப் படிக்கத்தில் துப்பி, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கேன், ஓதச் சொல்லுங்க" என்றாள்.